முன்பாரம், பின்பாரம்

விமான விபத்து என்றதும் மக்கள் விமானியை நினைக்கிறார்கள், எஞ்சினை நினைக்கிறார்கள், வானிலையை நினைக்கிறார்கள். மீனம்பாக்கத்தில் சரக்குக் கிடங்கிலும் லோடு கண்ட்ரோல் அறையிலுமாக வேலைக்காலம் முழுவதையும் கழித்த எனக்கு விமானத்தின் வயிறுதான் முதலில் நினைவுக்கு வரும். அங்கே என்ன ஏறியது, எந்த இடத்தில் ஏறியது, எப்படிக் கட்டினார்கள், பெட்டியின் மேல் எழுதியிருந்ததும் உள்ளே இருந்ததும் ஒன்றுதானா, கதவை மூடியது யார்? நான் படித்த விபத்து அறிக்கைகளில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவை எல்லாம் இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்றில் போய் முடிந்தவை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் அவர்களை வேலைக்கு எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. சரக்கு ஏற்றும் தொழிலாளிக்கு ‘இதைச் செய், அதைச் செய்யாதே’ என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. ஏன் என்றும் சொல்லவேண்டும். பெரிய விபத்துகள் பலவற்றில், கடைசியாகக் கைவைத்த தொழிலாளிக்கு அந்த ‘ஏன்’ சொல்லப்பட்டிருக்கவில்லை.

லோடு கண்ட்ரோலரின் வேலை வெளியில் அதிகம் தெரியாதது. விமானம் கிளம்பச் சில மணி நேரத்துக்கு முன்பே அது ஆரம்பித்துவிடும். எத்தனை பயணிகள், அவர்களின் பெட்டிகள் எவ்வளவு, சரக்கு எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு என்ற கணக்குகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். சரக்கு அடுக்கிக் கட்டிய தட்டான எந்தப் பேலட் முன் ஹோல்டில், எது பின் ஹோல்டில், எந்த இடம் எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்து, ஏற்றும் வரிசையைத் தாளில் குறித்து ராம்ப்புக்கு அனுப்புவோம். அதன்படி லோடர்கள் ஏற்றி முடித்ததும் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார். அதை வைத்துத் தயாராவதுதான் லோடு ஷீட். மொத்த எடை இவ்வளவு, எடையின் மையம் இந்த இடத்தில் என்று அதில் இருக்கும். விமானி அந்த எண்ணைப் பார்த்துத்தான் வால்பகுதியில் இருக்கும் கிடைச்சிறகின் கோணத்தை அமைக்கிறார். பின்னால் போய் ஒவ்வொரு பெட்டியையும் எடைபோட்டுப் பார்க்க அவருக்கு வழியில்லை. எங்கள் தாளை நம்பி அவர் புறப்படுகிறார்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. முன்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும். வண்டிக்காரர் மூட்டையை ஒரு முழம் முன்னே பின்னே நகர்த்திப் பாரத்தைச் சமன் செய்வார். விமானத்திலும் நியாயம் அதுவே. முன்பாரம் மிஞ்சினால், தூக்கவேண்டிய வேகத்திலும் மூக்கு எழ மறுக்கும். பின்பாரம் மிஞ்சினால் மூக்கு தானாகவே மேலே ஏறும். அதைக் கீழே இறக்க வால்சிறகின் பலம் போதாமல் போகலாம். அப்போது இறக்கைகள் காற்றின் பிடியை இழந்துவிடும். தரையில் நிற்கும்போதும் இது உண்டு. சரக்கு விமானத்தில் முன்பக்கத்தை முதலில் காலி செய்துவிட்டுப் பின்பக்கத்தை அப்படியே விட்டால், மூக்குச் சக்கரம் மேலே கிளம்பி வால் தரையில் உட்கார்ந்துவிடும். அதனால்தான் பின்பக்கம் முதலில் இறங்கவேண்டும், முன்பக்கம் முதலில் ஏறவேண்டும் என்று புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வோம்.

பாரம் தவறிப்போனதற்கு எங்கள் தொழிலில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் உதாரணம் 1997 ஆகஸ்ட் 7 அன்று மயாமியில் நடந்தது. ஃபைன் ஏர் 101 என்ற டிசி-8 சரக்கு விமானம், டெனிம் துணி ஏற்றிக்கொண்டு டொமினிக்கன் குடியரசின் சாண்டோ டொமிங்கோவுக்குக் கிளம்பியது. சரக்கு முதலில் வேறொரு டிசி-8க்காகத் திட்டமிடப்பட்டிருந்தது. அது வரத் தாமதமானதால் விமானத்தை மாற்றினார்கள். ஓடுபாதையை விட்டு எழுந்த உடனே மூக்கு கட்டுக்கடங்காமல் மேலே ஏறியது. விமானம் நிலைகுலைந்து சாலையோரத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த 4 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் வந்த முடிவு, எடையின் மையம் தாளில் சொன்னதைவிடப் பின்னால் இருந்தது என்பது. தாளை நம்பி விமானி அமைத்த சிறகுக் கோணம் உண்மையான பாரத்துக்குப் பொருந்தவில்லை. சிதைவுகளில் கிடைத்த பேலட் லாக்குகளில் பெரும்பாலானவை பூட்டப்படாத நிலையில் இருந்தன. பேலட்களை ஏற்றியவர்கள் ஒரு நிறுவனத்தின் ஆட்கள், பறந்தது வேறொரு நிறுவனத்தின் விமானம். ஏற்றுவதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளவேண்டியது விமான நிறுவனத்தின் பொறுப்பு, அதில் அது தவறியது என்று வாரியம் எழுதியது.

அந்த லாக் என்பது விமானத் தளத்தில் மடங்கிக் கிடக்கும் ஓர் உலோகக் கொக்கி. பேலட் உருளைகள்மேல் தள்ளப்பட்டு அதன் இடத்துக்கு வந்ததும் கொக்கியை நிமிர்த்திவிட வேண்டும். கைவேலையாகப் பார்த்தால் ஒரு கணம்தான். ஆனால் கொக்கி வளைந்திருந்தாலோ, பக்கத்துப் பேலட்டின் சரக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தாலோ அது நிமிராது. ஒரு லாக் வேலை செய்யாத இடத்தில் எவ்வளவு எடை வைக்கலாம் என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு. அந்த இடத்தின் எடை வரம்பு குறையும். லோடர் என்னிடம் சொன்னால்தான் அந்தக் கணக்கை நான் போடமுடியும். அவர் சொல்லாவிட்டால் என் கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

எங்கள் லோடர்களில் வயதில் மூத்த ஒருவர் இருந்தார். திரிசூலம் பக்கத்தவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஒரு நாள் நள்ளிரவு தாண்டிய ஒரு விமானத்துக்கு அவர் வாக்கிடாக்கியில் கூப்பிட்டார்.

“சார், பின்னாடி மூணாவது பொசிஷன்ல ஒரு லாக் நிக்கல. மேல வேற பேலட் தள்ளிட்டா அப்புறம் யாரு கண்ணுக்கும் தெரியாது. நீங்க கணக்கப் பாத்துச் சொல்லுங்க.”

“கிளம்ப நேரம் ஆயிடுச்சே அண்ணே, இன்ஜினியர் பாத்தாரா?”

“அவரையும் கூப்பிட்டாச்சு. அவர் பாக்கட்டும், நீங்க எடையப் பாருங்க. அதுவரைக்கும் நான் தள்ள மாட்டேன் சார்.”

இன்ஜினியர் வந்து பார்த்து, அந்த லாக் பழுது என்று பதிவு செய்தார். அந்த இடத்துக்குரிய புதிய வரம்புக்கு அந்தப் பேலட் கனம் என்று என் கணக்கில் வந்தது. இலகுவான ஒன்றை அங்கே மாற்றி வைத்தோம். விமானம் தாமதமாகப் போனது. தாமதத்துக்குக் காரணம் கேட்டு மேலிடத்திலிருந்து காட்டமான கேள்விகள் வந்தன. அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அந்த மனிதர் செய்த காரியத்தின் மதிப்பைத் தொடவில்லை. அவருக்கு அந்தத் துணிவு எப்படி வந்தது என்று பின்னால் விசாரித்தேன். பழைய பயிற்சியாளர் ஒருவர் மயாமிக் கதையைப் படம் போட்டுச் சொல்லியிருக்கிறார். “ஒரு கொக்கி, சார். அஞ்சு உசுரு” என்றார்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று உண்டு. பயிற்சி வகுப்புகளில் நான் அதிகம் சொன்னது அதைத்தான்.

1974 மார்ச் 3. துருக்கி ஏர்லைன்ஸின் டிசி-10 விமானம் பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. பிரிட்டனில் வேலைநிறுத்தம் காரணமாக வேறு விமானங்கள் ஓடாததால் பலர் கடைசி நேரத்தில் இதில் இடம் பிடித்திருந்தார்கள். புறப்பட்டுச் சில நிமிடங்களில் பின்பக்கச் சரக்குக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. கீழே காற்றழுத்தம் ஒரேயடியாக இறங்க, மேலே பயணிகள் பகுதியில் அழுத்தம் அப்படியே இருக்க, இடையில் இருந்த தளம் இடிந்து இறங்கியது. வால்பகுதியை இயக்கும் கம்பிகள் அந்தத் தளத்துக்குக் கீழேதான் ஓடின. எர்மனோன்வில் காட்டில் விழுந்த அந்த விமானத்தில் இருந்த 346 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

சாதாரணப் பயணிகள் கதவு உள்ளிருந்து சட்டத்தில் வந்து அடைத்துக்கொள்ளும். மேலே போகப்போக உள்ளே இருக்கும் அழுத்தமே அதை இறுக்கும். டிசி-10இன் சரக்குக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. அழுத்தம் அதை வெளியே தள்ளும். கொக்கிகள்தான் பிடித்து நிறுத்தவேண்டும். மின்மோட்டார் கொக்கிகளை மாட்டிவிடும். பிறகு வெளியே உள்ள ஒரு கைப்பிடியை அழுத்தினால் பூட்டுமுளைகள் கொக்கிகளுக்குக் குறுக்கே போய் நிற்கும். கொக்கிகள் முழுதாக மாட்டாவிட்டால் கைப்பிடி இறங்கவே கூடாது. ஆனால் அந்த விமானத்தில் உள்ளிருந்த தண்டுகள் தவறாகச் சரிசெய்யப்பட்டிருந்ததால், கொக்கிகள் சரியாக மாட்டாத நிலையிலும் கைப்பிடி எளிதாக இறங்கியது. முளை சரியாக வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகவே கதவில் ஒரு சிறிய கண்ணாடித் துளை இருந்தது.

கதவை மூடியவர் அல்ஜீரியாவில் பிறந்த ஓர்லி தொழிலாளி. மூன்று மொழிகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர். அந்தத் துளையைப் பற்றிய குறிப்பு கதவில் ஆங்கிலத்திலும் துருக்கியிலும் எழுதியிருந்தது. அவர் அறிந்த மூன்றில் இந்த இரண்டும் இல்லை. கைப்பிடி இறங்கி, கதவில் இருந்த சிறிய காற்றுமூடியும் மூடிக்கொண்டால் கதவு பத்திரம் என்றே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர் பார்த்தவரை எல்லாம் சரியாகவே இருந்தன. துளைவழியே பார்ப்பது வேறொருவர் பொறுப்பு. அன்று யாரும் பார்க்கவில்லை.

பழி முதலில் விழுந்தது அந்தத் தொழிலாளியின் தலையில். விபத்தின் வேரோ அவருக்கு எட்டாத இடங்களில் கிடந்தது. 1972 ஜூன் 12 அன்று, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டிசி-10 ஒன்று டெட்ராய்ட்டிலிருந்து கிளம்பி, கனடாவின் விண்ட்ஸர் நகருக்கு மேலே இதேபோல் கதவை இழந்தது. அன்று கேப்டன் பிரைஸ் மெக்கார்மிக், எஞ்சின்களின் வேகத்தை மாற்றி மாற்றியே விமானத்தைத் திருப்பித் தரையிறக்கினார். 67 பேரும் பிழைத்தார்கள். டெட்ராய்ட்டில் கதவை மூடிய தொழிலாளி, கைப்பிடி இறங்க மறுத்ததால் முழங்காலால் அழுத்தியிருக்கிறார். காற்றுமூடி கோணலாக இருப்பதைப் பார்த்து மெக்கானிக்கையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். போகலாம் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அந்தக் கதவின் பகுதிகளைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் டான் ஆப்பிள்கேட், இது இப்படியே விடப்பட்டால் ஒரு நாள் விமானமே போய்விடும் என்று அதே மாதம் எழுத்தில் எச்சரித்தார். ஆனாலும் கட்டாய ஆணை எதுவும் வரவில்லை. கதவைத் திருத்தும்படி சொன்ன பரிந்துரைகளோடு விஷயம் நின்றது. பாரிஸில் விழுந்த விமானத்தில் அந்தத் திருத்தம் செய்யப்பட்டதாகப் பதிவேடு சொன்னது. கதவில் அது செய்யப்பட்டிருக்கவில்லை.

டெட்ராய்ட் தொழிலாளிக்குச் சந்தேகம் வந்தது, சொன்னார், கேட்டவர் கேட்கவில்லை. ஓர்லி தொழிலாளிக்குச் சந்தேகம் வருவதற்கான அறிவே தரப்படவில்லை. வகுப்பில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லும்போது லோடர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தங்களைப் போன்ற ஒருவர் கதையின் நடுவில் நிற்பதை அவர்கள் பார்ப்பார்கள். அதன்பிறகு கதவுச் சோதனையைப் பற்றிப் பேசினால், கேள்விகள் அவர்கள் பக்கத்திலிருந்து வரும்.

எடையையும் லாக்கையும் கண்ணால் பார்க்கலாம். பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்கமுடியாது. அங்கே எங்களுக்குத் துணை காகிதமும் லேபிளும்தான்.

சென்னைக்கு வந்திருக்கவேண்டிய ஒரு சரக்கின் கதையை எங்கள் கிடங்கில் எல்லோருக்கும் சொல்வேன். 2000 மார்ச்சில் பெய்ஜிங்கிலிருந்து கோலாலம்பூர் வந்த மலேசியா ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ330இல் 80 கலன்கள் ஏறியிருந்தன. கோலாலம்பூரில் மாறிச் சென்னைக்கு வரவேண்டியவை. ஹைட்ராக்ஸி குயினோலின் என்ற தூள் என்று காகிதம் சொன்னது. உள்ளே இருந்தது ஆக்ஸலைல் குளோரைடு. காற்றின் ஈரம் பட்டாலே ஹைட்ரஜன் குளோரைடும் கார்பன் மோனாக்சைடும் வெளிவிடும் திரவம் அது. மூச்சுக்கும் கேடு, அலுமினியத்துக்கும் கேடு. கோலாலம்பூரில் சரக்கை இறக்கிக்கொண்டிருந்த 5 தொழிலாளிகள் நோயுற்றார்கள். கசிந்த திரவம் விமானத்தின் உடலை அரித்திருந்தது. சில வருடங்களே பறந்திருந்த அந்த விமானம் அதன்பிறகு பறக்கவே இல்லை. பழுதுபார்க்கத் தகுதியற்றது என்று ஒதுக்கினார்கள். 2007இல் பெய்ஜிங் நீதிமன்றம், சரக்கு அனுப்பிய நிறுவனம் 6.5 கோடி டாலர் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இன்னும் ஒரு விமானம் மாறி வந்திருந்தால் அந்தக் கலன்கள் எங்கள் ஆட்களின் கையில் வந்து சேர்ந்திருக்கும். அந்தக் கதையைச் சொன்ன பிறகு, ‘கசிவு, நெடி, ஈரம் எது தெரிந்தாலும் தொடாதே, தள்ளி நில், கூப்பிடு’ என்ற விதியை மனப்பாடம் செய்யச் சொல்லவேண்டிய தேவை இருக்காது.

காகிதம் பொய் சொன்னதற்கு அமெரிக்காவில் மனிதர்கள் கொடுத்த விலை இன்னும் பெரியது. 1996 மே 11 அன்று வேல்யூஜெட் 592 மயாமியிலிருந்து கிளம்பிப் பத்து நிமிட அளவில் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் விழுந்து 110 பேர் இறந்தார்கள். பழைய விமானங்களிலிருந்து கழற்றிய ஆக்சிஜன் ஜெனரேட்டர்களை அட்டைப்பெட்டிகளில் அடைத்து, காலிக் கலன்கள் என்று எழுதி முன் ஹோல்டில் ஏற்றியிருந்தார்கள். அவை காலியாக இருக்கவில்லை. தட்டினால் பற்றிக்கொள்ளாமல் தடுக்கும் பாதுகாப்பு மூடிகளும் மாட்டப்படவில்லை. பற்றினால் கடும் சூட்டோடு ஆக்சிஜனையும் தானே கொடுக்கும் பொருள் அது. கூடவே விமான டயர்கள் இருந்தன. காற்று புகாத ஹோல்டில் தீ தானே அணைந்துவிடும் என்ற அந்தக் காலத்து நம்பிக்கையும் அன்றோடு போனது. பின்னர் அந்த வகை ஹோல்டுகளில் புகை கண்டுபிடிக்கும் கருவியும் தீயணைப்பும் அமெரிக்காவில் கட்டாயமாயின.

சென்னைச் சரக்கில் இந்தப் பாடம் வேறு வடிவில் வந்தது. ஒரு காலத்தில் எங்கள் கிடங்கு என்றால் தோல், ஆயத்த ஆடை, காய்கறி, பூ, நண்டு, மீன். 2006இல் ஶ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை தொடங்கிய பிறகு செல்போன் சரக்கு குவிந்தது. ஒவ்வொரு போனுக்குள்ளும் ஒரு லித்தியம் பேட்டரி. அது பழுதாகிச் சூடேறினால், ஒரு செல்லின் சூடு பக்கத்துச் செல்லைப் பற்றவைக்கும். வழக்கமான தீயணைப்பு வாயு சுடரை அடக்கலாம், செல்லுக்குள் நடக்கும் வினையை நிறுத்தாது.

2010 செப்டம்பர் 3 அன்று யூபிஎஸ் 6 என்ற போயிங் 747 சரக்கு விமானம் துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோனுக்குக் கிளம்பியது. புறப்பட்ட 22ஆவது நிமிடத்தில் மேல்தளத்துச் சரக்கில் தீ எச்சரிக்கை. துபாய்க்கே திரும்பினார்கள். புகை விமானி அறையை நிறைத்தது. கேப்டனுக்கு ஆக்சிஜன் நின்றுபோனது. இருக்கையை விட்டு எழுந்து போனவர் திரும்பவில்லை. துணைவிமானிக்கு முன்னே இருக்கும் கருவிகள்கூடத் தெரியவில்லை. ரேடியோ அலைவரிசையை மாற்றமுடியவில்லை. அருகில் பறந்த மற்ற விமானங்கள் அவருக்கும் துபாய்க்கும் நடுவே செய்தி சொல்லிக்கொடுத்தன. ஓடுபாதைக்கு மேலேயே கடந்துபோய், ஒரு ராணுவ முகாமுக்குள் விமானம் விழுந்தது. இருவரும் இறந்தார்கள். அந்தச் சரக்கில் லித்தியம் பேட்டரிகள் நிறைய இருந்தன. அபாயச் சரக்கு என்று அறிவித்திருக்கவேண்டிய, ஆனால் அறிவிக்காத பேட்டரிச் சரக்குகள் குறைந்தது மூன்று என்று ஐக்கிய அரபு அமீரகத்தின் விசாரணை அறிக்கை சொன்னது.

2016 ஏப்ரல் 1 முதல் தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக்கூடாது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தடைவிதித்தது. சரக்கு விமானத்தில் ஏற்றுவதற்கும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது. கிடங்கில் சரக்கை ஏற்றுக்கொள்ளும் மேசையில் உட்கார்ந்திருப்பவர் இந்த விதியைச் சொல்லும்போது முகவர்கள் சலித்துக்கொள்வார்கள். சும்மா பவர்பேங்க்தானே என்பார்கள். அந்தச் சலிப்புக்கு முன் தளராமல் நிற்க விதிப்புத்தகம் மட்டும் போதாது. துபாயில் நடந்ததை அறிந்தவர் நிற்பார்.

கட்டுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். பேலட்டும் வலையும் லாக்கும் பழகியவர்களுக்கு, பேலட்டில் அடங்காத பெரும்பாரம் வந்தால்தான் சோதனை: பெரிய இயந்திரம், ஜெனரேட்டர், வண்டி. அவற்றைப் பட்டைகளால் தளத்தோடு கட்டவேண்டும். ஒரு பட்டை இவ்வளவு தாங்கும் என்று அதன்மேல் எழுதியிருக்கும். அதை அப்படியே கணக்கில் எடுக்கக்கூடாது. பட்டை எந்தக் கோணத்தில் இழுக்கிறதோ அதைப் பொறுத்து, முன்பின்னாக அது பிடிக்கும் பலம் குறையும். தளத்தில் அதை மாட்டும் இடத்துக்கும் தனி வரம்பு உண்டு.

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமில் நேஷனல் ஏர்லைன்ஸின் போயிங் 747 சரக்கு விமானம் எழுந்த உடனே செங்குத்தாக மூக்கைத் தூக்கி, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. 7 பேர் இறந்தார்கள். காரிலிருந்து யாரோ எடுத்த வீடியோவை உலகமே பார்த்தது. உள்ளே 5 ராணுவக் கவச வண்டிகள். ஒவ்வொன்றும் 12 டன் அல்லது 18 டன் எடை. கடைசி வண்டியாவது பட்டைகளிலிருந்து விடுபட்டுப் பின்னோக்கி நகர்ந்து, பின்சுவரை உடைத்து, ஹைட்ராலிக் குழாய்களையும் கிடைச்சிறகை இயக்கும் அமைப்பையும் சேதப்படுத்தியது. இங்கே பாரம் இடம் மாறியது மட்டும் விமானத்தை வீழ்த்தவில்லை. மூக்கை இறக்கும் வழியையே அந்த வண்டி பறித்துவிட்டது. முந்தைய பயணத்தில் ஒரு பட்டை அறுந்திருந்ததைப் பற்றி விமானக் குழுவினர் பேசியது குரல்பதிவில் இருந்தது. நிறுவனம் கொடுத்திருந்த கையேடே தவறாக இருந்தது, பட்டையின் கோணம் உட்படப் பலவற்றை அது விட்டிருந்தது என்று விசாரணை சொன்னது. இப்படிப்பட்ட பாரங்களை ஏற்றிக் கட்டும் பொறுப்பாளர்களுக்குத் தனிச் சான்றிதழ் முறை வேண்டும் என்று அமெரிக்க வாரியம் பரிந்துரைத்தது. விமானிக்கு உரிமம் உண்டு, இன்ஜினியருக்கு உரிமம் உண்டு. 18 டன் வண்டியைக் கட்டுகிறவரும் பாதுகாப்புச் சங்கிலியில் ஒரு கண்ணி என்று ஒரு விசாரணை அறிக்கை வெளிப்படையாக எழுதியதைப் படித்தபோது, எங்கள் தொழிலுக்கே ஒரு மரியாதை கிடைத்ததாக உணர்ந்தேன்.

எல்லாப் பாடங்களும் மரணத்தோடு வருவதில்லை. 2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் எமிரேட்ஸின் ஏ340 விமானத்துக்கு எடை 362.9 டன். கணக்குக் கருவியில் ஏறிய எண் 262.9. நூறு டன் குறைவு என்று கருவி நினைத்ததால் எஞ்சின் வேகமும் எழும் வேகமும் குறைவாகக் கிடைத்தன. வால் ஓடுபாதையில் உரசி, ஓடுபாதை முடிவுக்கு அப்பால் இருந்த ஆண்டெனாவிலும் மோதி, எப்படியோ எழுந்து, எரிபொருளைக் கொட்டிவிட்டுத் திரும்பி இறங்கியது. 275 பேரும் தப்பினார்கள். ஓர் இலக்கம். எங்கள் அறையில் எடையைச் சொல்லும்போது இலக்கம் இலக்கமாக உரக்கச் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொல்லவேண்டும் என்ற வழக்கம் ஏன் என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்வேன்.

காரணம் சொல்லிக்கொடுப்பதற்குப் பெரிய வகுப்பறை வேண்டாம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் டீ குடிக்கும் இடம் போதும். ஒருநாள் கோழிக்குஞ்சுகளையும் டிரை ஐஸ் வைத்த மருந்துப் பெட்டிகளையும் ஏன் ஒரே ஹோல்டில் அருகருகே வைக்கக்கூடாது என்று ஒரு பையன் கேட்டான். டிரை ஐஸ் கரையும்போது தண்ணீர் வராது, கரியமில வாயு வரும், அது கீழே தங்கும், குஞ்சுகளுக்கு மூச்சு முட்டும் என்று சொன்னேன். அதன்பிறகு டிரை ஐஸ் லேபிளைப் பார்த்தால் அவனே வந்து, “சார், இதுகூட உயிருள்ள சரக்கு ஏதாவது போகுதா?” என்று கேட்பான். பட்டியலை ஒப்பித்தவன் பட்டியலில் இல்லாததைப் பார்க்கமாட்டான். இவன் பார்த்தான்.

இன்று சரக்கு ஏற்றும் வேலை பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் இருக்கிறது. சம்பளம் குறைவு. ஆள் நிலைப்பதில்லை. பயிற்சி என்றால் ஆங்கிலத்தில் ஓடும் கம்ப்யூட்டர் திரை, கடைசியில் சரியான விடையை அழுத்தினால் சான்றிதழ். ஓர்லியின் கதவில் எழுதியிருந்த குறிப்பும் இதே வகைதான். எழுதியாகிவிட்டது என்று எழுதியவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மீனம்பாக்கத்தில் வேலை செய்பவருக்குத் தமிழில் சொல்லவேண்டும். பீகாரிலிருந்து வந்தவருக்கு இந்தியில் சொல்லவேண்டும். கேள்வி கேட்க விடவேண்டும். விமானம் தாமதமாவதற்குக் காரணமான லோடரை, அவர் கண்ட குறை உண்மையோ இல்லையோ, அன்று யாரும் அதட்டக்கூடாது. ஒருமுறை அதட்டினால் அடுத்த முறை அவர் வாய் திறக்கமாட்டார். அவர் அருகில் நின்ற மற்றவர்களும் திறக்கமாட்டார்கள்.

என்னிடம் இந்தத் தொழிலுக்கு வருகிறேன் என்று யோசனை கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இது. விபத்து விசாரணை அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாதம் ஒன்றைப் படியுங்கள். படித்ததை உங்கள் ஷிஃப்டில் இருக்கும் லோடர்களுக்கு அவர்கள் மொழியில், ஆள் பெயர், இடம், நடந்த வரிசை எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசியில் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் எந்தக் கட்டத்தில் நிறுத்தியிருப்பீர்கள்? அவர்கள் சொல்லும் பதில்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலையத்துக்கு அடுத்த ஆண்டு வேண்டிய பாதுகாப்பு விதிகளில் பாதி அதில் இருக்கும்.